நான் ஜெனுயின்

எடை மேடைகளுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. லாரி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் பெட்டியில் எடை ஓடும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துச் சீட்டு அடிக்க வேண்டும். இண்டிகேட்டருக்குத் தெரிந்தது பழைய சீரியல் போர்ட் மட்டும்தான், இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்த போர்ட்டே இல்லை. அதனால் நடுவில் ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள். அதன் தலைக்குள் நகத்தளவு ஒரு சிப்.

2014 தீபாவளி அக்டோபர் 22-ஆம் தேதி வந்தது. அந்த வாரம் முறுக்கைக் கடித்துக்கொண்டே படித்த செய்தியில் பாதி முறுக்கு கையிலேயே நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ என்ற நிறுவனம் செய்யும் சிப் எஃப்டி232ஆர்எல். இந்தத் தொழிலில் பாதிக் கேபிள்களுக்கு உயிரே அதுதான். போலியும் ஏராளம். விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாக வந்து இறங்கிய அவர்களுடைய புது டிரைவர் (சிப்போடு கம்ப்யூட்டர் பேச உதவும் மென்பொருள்), போலி சிப்பைக் கண்டால் அதை முடக்கிவிடுகிறது என்பதுதான் செய்தி.

முடக்கிய விதம்தான் என்னை அசர வைத்தது. யூஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றிலும் இரண்டு அடையாள எண்கள் உண்டு. இந்த சிப்பில் தயாரிப்பாளர் எண் 0403, பொருளின் எண் 6001. புது டிரைவர் அந்த 6001-ஐ 0000 ஆக்கிவிடும். எண் சிப்புக்குள்ளேயே மாறிவிடுவதால் கேபிளைப் பிடுங்கி வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் பயனில்லை. அசல் சிப் மட்டும் எப்படித் தப்பியது? அதன் நினைவகத்தில் இரட்டைப்படை இடத்துக்கு வருவதை அது கையில் வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த ஒற்றைப்படை இடத்துக்கும் வந்தால்தான் இரண்டையும் சேர்த்து எழுதும். டிரைவர் இரட்டைப்படை இடங்களுக்கு மட்டும் எழுதச் சொன்னது. அசல், சும்மா இருந்துவிட்டது. இந்த வழக்கம் தெரியாத போலி, சொன்ன மாத்திரத்தில் எழுதித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது.

போலி என்றால் அச்சு அசல் நகல் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அதே வருஷம் ஒருவர் சிப்பை அமிலத்தில் கரைத்து உள்ளே படம் எடுத்துப் போட்டிருந்தார். உள்ளே இருந்தது வேறு வடிவமைப்பு, அசல் மாதிரி நடிக்கப் பழக்கிய வேறொரு சிப்.

நிறுவனத்தின் கோபம் நியாயம்தான். ஆனால் அடி விழுந்தது யார் மேல்? போலி செய்தவன் காசை எண்ணி உள்ளே வைத்தாயிற்று. மாட்டிக்கொண்டவன் கேபிள் வாங்கியவன். டிரைவரின் உரிம விதிகளில் ‘போலி பாகம் மீட்க முடியாதபடி பழுதாகலாம்’ என்று எழுதியிருந்தார்கள், வாஸ்தவம். தானாக இறங்கும் அப்டேட்டில் யார் அதைப் படிப்பது? எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் தெரிந்தவர்கள் எண்ணைத் திரும்ப 6001 ஆக்கிப் பிழைத்துக்கொண்டார்கள்.

சரி, நம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமென்று உட்கார்ந்தேன். சென்னையில் ஒரு கடையில் ரூ.180 வீதம் வாங்கிய இரண்டு கேபிள்களை லினக்ஸ் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் செருகினேன். இரண்டிலும் ஒரே சீரியல் நம்பர்! கேபிளுக்குக் கேபிள் மாற வேண்டிய நம்பர் அது. ஒன்றின் தலையைப் பிளந்து, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுச் சிப்பின் மேல் தேய்த்தேன். பெயர் பஞ்சோடு வந்துவிட்டது. லேசரில் செதுக்கிய எழுத்தாக இருந்தால் இப்படி வராது. யோசித்தால் விலையே சொல்லியிருக்க வேண்டும், அசல் சிப்பைத் தனியாக வாங்கினாலே அதற்கு மேல் ஆகும்.

2016-இல் எஃப்டிடிஐ வேறு வழிக்கு வந்தது. சிப்பைத் தொடாமல், போலி என்று தெரிந்தால் தகவலுக்குப் பதில் ‘நான் ஜெனுயின் டிவைஸ் ஃபவுண்ட்!’, அதாவது ‘அசல் அல்லாத சாதனம் சிக்கியது!’ என்ற ஆங்கில வரியை டிரைவர் அனுப்பியது. தமிழில் எழுதிப் பார்த்தால் போலி சிப்பே ‘நான் ஜெனுயின்’ என்று சத்தியம் செய்வது போல இருக்கிறது. எனக்குச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. கேபிள் செத்தால் கையால் சீட்டு எழுதிச் சமாளிக்கலாம். எண்ணை எதிர்பார்த்து எழுதிய புரோகிராமுக்குள் எழுத்து நுழைந்தால், மேடையில் கரும்பு லாரி நிற்கும்போது சீட்டில் என்ன அடிக்கும்?

அதே மாதிரிக் கேபிள்களை எத்தனை இடத்தில் மாட்டியிருக்கிறேன் என்று நோட்டைப் புரட்டினேன். மூன்று. இரண்டை என் செலவிலேயே மாற்றிவிட்டேன். மூன்றாவது, நாமக்கல் பக்கம் ஒரு பெரியவருடைய மேடை.

“ஐயா, கேபிள் போலிங்க. மாத்திடலாம். அதுவரைக்கும் இந்த கம்ப்யூட்டருக்கு நெட் மட்டும் குடுக்காதீங்க” என்றேன்.

“எடை சரியாத்தானுங்க தம்பி காட்டுது?”

“காட்டுதுங்க.”

“அப்புறம் என்னங்க?” என்று சொல்லிவிட்டு, மேடையில் ஏறிய வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.