பிளேடை முதலில் தூக்கிப் போடுங்கள்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவே, கீறப்போகும் இடத்து முடியைப் பிளேடால் மழித்துவிடும் பழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் விடிவதற்குள் கிருமி பெருகிவிடும். முடி உண்மையிலேயே இடைஞ்சல் என்றால் மட்டும், அறுவைக்குச் சற்று முன் கிளிப்பரால் வெட்டினால் போதும்.

தொற்றைத் தடுக்கப் போடும் ஆன்டிபயாட்டிக்கான செஃபசோலின் 2 கிராம் (எடை 120 கிலோவைத் தொட்டால் 3), கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ரத்தக்குழாயில் ஏற வேண்டும். வார்டிலேயே போட்டு அனுப்பினால், தியேட்டர் தாமதமாகும்போது ரத்தத்தில் மருந்து குறைந்துவிடும். அறுவை 4 மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். தையல் முடிந்த பிறகும் ஐந்து நாள் ஊசி தொடர்வது, என்னைக் கேட்டால், மருத்துவரின் மன நிம்மதிக்குத்தான்.

தோலில் தடவும் கிருமிநாசினியான ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தானாகக் காயட்டும், குறைந்தது 3 நிமிடம். ஈரத்தோடு காட்டரி (மின்சூட்டால் திசுவைச் சுடும் கருவி) வைத்தால் தீப்பிடிக்கும்.