மணல்மேட்டில் புதைந்த ஜீப்பை வெளியே எடுத்த அனுபவம்

சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பின் ஊடாகக் கடலை நோக்கிச் செல்லும் மண்பாதையில் என் ஜீப்பை இறக்கினேன். பாதை முடிந்த இடத்தில் இரண்டு ஆள் உயர மணல்மேடு இருந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்ற தைரியத்தில், தார்ச்சாலைக்காக டயர்களில் வைத்திருந்த 32 பவுண்டு காற்றழுத்தத்தைக் குறைக்காமலேயே அதில் ஏறினேன்.

கடற்காற்று அடித்து இறுக்கி வைப்பது மேட்டின் கடல்பக்கத்தை. காற்று கொண்டுவந்து கொட்டும் மணலோ மறுபக்கத்தில் சரிந்து தளர்வாகக் கிடக்கும். நான் ஏறியது அந்தத் தளர்ந்த பக்கம். பாதி உயரத்தில் வேகம் குறைந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சக்கரங்கள் தமக்குத் தாமே குழி பறித்துக்கொண்டு இறங்கின. சிறிது நேரத்தில் வண்டியின் அடிவயிறு மணலில் அமர்ந்துவிட்டது. அந்த நிலைக்கு வந்த பிறகு எத்தனை சக்கரங்கள் இழுத்தாலும் ஒன்றுதான், ஏனெனில் எடை முழுவதையும் மணல் தாங்கிக்கொள்ள, டயர்களுக்குப் பிடிமானமே இராது.

ரப்பர் கால்மிதிகளைச் சக்கரத்தின் கீழ் வைத்துப் பார்த்தேன். அவை பின்னால் பறந்து போய் விழுந்ததுதான் மிச்சம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வந்து, "தம்பி, மிதிக்காதீங்க, கிணறுதான் வெட்டுறீங்க" என்றார். அவர் கொடுத்த மண்வெட்டியால் முதலில் அடிவயிற்றின் கீழிருந்த மணலையும், பிறகு பின்சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகவும் அள்ளினோம். இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வால்வு ஊசியைச் சாவி நுனியால் அழுத்தி நான்கு டயர்களையும் 15 பவுண்டுக்கு இறக்கினேன். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து மணலை மிதிப்பதால் புதைவது குறைகிறது. ஆனால் அந்த நிலையில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். தென்னை மட்டைகளைப் பரப்பி, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறி வந்த தடத்திலேயே மெல்ல இறக்கினேன். வண்டி முனகிக்கொண்டே வந்து சேர்ந்தது.

கைகுலுக்க நீட்டிய என் கையை அவர் கவனிக்கவில்லை, தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடி வேரோடு பிய்ந்து கிடந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் சக்கரத் தடத்தில் விழுந்தால் ஏறிக் கடலுக்குப் போக முடியாமல் அதற்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மிகுந்த பாதுகாப்பு தேவைப்படும் முதல் வகைப் பகுதியில் வைத்திருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அன்று அவர் சட்டம் எதுவும் பேசவில்லை. மண்வெட்டியை மீண்டும் என் கையில் கொடுத்தார். தடத்தை மூட இன்னும் அரை மணி நேரம் பிடித்தது.

காற்றில்லாத டயர் சூடேறும் என்பதால் பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்தே வந்தேன். காற்றடித்த பையன், "எங்க சார் போயிட்டு வர்றீங்க, நாலும் ஒரே நேரத்துல இறங்கியிருக்கு?" என்று கேட்டான். பஞ்சர் என்று சொல்லிவிட்டேன்.