மூன்று வாங் ஹாவ்கள்

புதுச்சேரியில் ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் இனிஷியலை வைத்துப் பிரித்துவிடுவோம். சீனப் பெயரில் அந்த வசதி இல்லை. வாங் ஹாவ் என்ற ஒரே பெயரில் மூன்று சீன விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். 'வாங்' குடும்பப் பெயர், முதலில் வரும். 'ஹாவ்' ஆளின் பெயர்.

டேபிள் டென்னிஸ் வாங் ஹாவ் 1983-இல் பிறந்தவர். 2004, 2008, 2012 என மூன்று ஒலிம்பிக்கிலும் ஒற்றையரில் வெள்ளிதான், பாவம்! செஸ் கிராண்ட்மாஸ்டர் வாங் ஹாவ் 1989-இல் பிறந்து, 2019-இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்றவர். இருவருக்கும் எழுத்துகூட ஒன்றே: 'ஹாவ்' எழுத்தின் இடப்பக்கம் 'வெள்ளை' என்ற உறுப்பு.

நடைப்பந்தய வீரர் வாங் ஹாவும் 1989-தான். ஆனால் அவர் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிக் கோடுகள். ஒலி, தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) இரண்டும் அதே. நான்காம் தொனி, மேலிருந்து கீழே இறங்குவது. அதனால் காதால் பிரிக்க முடியாது. ரோமன் எழுத்திலும் தமிழிலும் மூவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள்.

வினாடி வினாவுக்குக் குறிப்பெடுப்பவர்கள் முதலில் சீன எழுத்தைப் பாருங்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் பிறந்த ஆண்டு, பிறகு விளையாட்டு. ஆண்டை மட்டும் நம்பினால் செஸ்காரரும் நடைக்காரரும் கலந்துவிடுவார்கள். படத்தைத் தேடி ஒட்டும்போதுதான் இந்தக் குழப்பம் அதிகம்.