உகரம் தேயும் இடம்: பழைய ஆங்கிலமும் குற்றியலுகரமும்

சென்னைப் பேருந்தில் நடத்துநர் "சில்லறைக் காசிருக்கா" என்று கேட்கும்போது, 'காசு' என்பதன் உகரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. 'பசு'வின் உகரம் அவ்வளவு எளிதில் போகாது. 'பசுவிருக்கிறது' என வகரத்தைத் துணைக்கு அழைத்தாவது நின்றுவிடும். நெட்டெழுத்தை அடுத்தும் தொடர்மொழியின் ஈற்றிலும் வல்லெழுத்தை ஊர்ந்து வரும் உகரம் குறுகும் என்ற தொல்காப்பிய விதியைப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஈற்றுயிர் கெட்ட கதை பாதி தெரிந்த கதைதான்.

நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை மொழிபெயர்த்த, ஆங்கிலத்துக்கு உறவான பழைய ஜெர்மானிய மொழியாகிய கோதிக்கில் மகனுக்குச் 'சுனுஸ்', கைக்கு 'ஹண்டுஸ்'. இரண்டிலும் உகரம் உண்டு. பழைய ஆங்கிலத்திலோ 'சுனு' தன் உகரத்தைக் காத்துக்கொள்ள, மற்றது 'ஹண்ட்' என நின்றுவிட்டது. ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் சொல்லின் முதலசையில் நிலைத்துவிட்டதால், அந்த அசை நெடிலாலோ ஒற்றாலோ கனத்திருந்தால் தானே நிறைவு பெற்றுவிடும். பின்னால் வரும் உகரம் தாங்குவாரின்றிக் கெடும். முதலசை வெறும் குறிலாக இருந்தால் அதை நிறைவாக்க உகரம் வேண்டியிருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இப்படி வெறும் குறிலாக நிற்கும் மெலிந்த அசைகள் இரண்டு சேர்ந்து ஒரு கன அசைக்கு ஈடாவது. படை என்று பொருள்படும் 'வெரொட்' தன் பன்மை உகரத்தை இழந்தது இதனால்தான். நம் 'வரகு' என்ற சொல்லிலும் குறிலிணையை அடுத்த உகரம் குறுகுகிறது. 1893-இல் பண்டை ஜெர்மானிய யாப்பைப் பற்றி நூல் எழுதிய எட்வர்ட் சீவர்ஸ், செய்யுளிலும் இதே ஈட்டைக் காட்டினார். குறில் இரண்டு இணைந்து ஓரசையாகும் நம் நிரையசை உடனே நினைவுக்கு வரும். ஆனால் நம் யாப்பில் தனிக்குறிலும் நேரசையாகும் என்பதால் ஒப்புமையை அதற்குமேல் இழுக்க முடியாது. இதை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கொண்டாடுவதும் வீண்.

கோதிக்கில் அசையின் எடை வேறு வேலை செய்தது: மெலிந்த அடிச்சொல்லுடைய 'ஹர்யிஸ்' (படை) யகரத்தோடு நிற்க, கனத்த அடிச்சொல்லுடைய 'ஹெர்தீஸ்' (மேய்ப்பன்) ஈகாரம் பெற்றது.

ஆங்கிலத்தில் 'ஷீப்' (செம்மறியாடு), 'டீர்' (மான்) ஆகியவை இன்றும் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்பதற்கும் அசையின் எடையே காரணம். இவற்றின் முதலசை கனத்தது; பன்மையைக் காட்டிய உகரம் கெட்டதும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. அதே வகைச் சொல்லான 'ஷிப்' (கப்பல்) மெலிந்த அசையுடையது. பழைய ஆங்கிலக் காலம் முழுதும் உகரப் பன்மையை வைத்திருந்து, பிற்பாடுதான் 'ஷிப்ஸ்' ஆனது.