மூலை தேய்ந்த படம்

பலகையில் ஒரே ஒரு புகைப்படத்தின் மூலை மட்டும் தேய்ந்திருந்தது.

இன்று ஒரு மிஷன் தலைவரின் அறையில் பார்த்தேன். ஒரு பகுதியில் ஊழியம் செய்யும் இளம் மிஷனரிகளைக் கவனித்துக்கொள்பவர் அவர். சுவர் நிறைய இளம் மிஷனரிகளின் படங்கள், ஊர்வாரியாக, ஜோடி ஜோடியாக. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம். ஜெபித்துவிட்டுத்தான் படத்தை நகர்த்துவாராம்.

“இந்தத் தம்பியை நாலு தடவை எடுத்துத் திரும்ப அங்கேயே வச்சேன்” என்றார். வீட்டு ஏக்கத்தில் தவிக்கும் பையன்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இந்தப் பொறுப்பு கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்தே வருகிறது. வழக்கமாக 3 ஆண்டுகள். சொந்தப் பேரப்பிள்ளைகளைப் பிரிந்து வந்து, பிறர் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகப் பயணம். ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். வாராவாரம் அவர்கள் எழுதும் கடிதங்களை இரவில்தான் வாசிக்க நேரம்.

2019 பிப்ரவரிக்கு முன் மிஷனரிகள் வீட்டுக்குப் போன் செய்தது வருடத்துக்கு இரண்டே தடவை. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். அப்புறமும், நள்ளிரவில் காய்ச்சல் என்றால் முதல் அழைப்பு தலைவரின் மனைவியான அம்மாவுக்குத்தான்.

போன் அவர் தலைமாட்டிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். தலைவர் அந்தப் படத்தை மறுபடி கையில் எடுத்திருந்தார்.