வாசல் ஒரு வீடு, கொல்லை ஒரு வீடு

ஜூன் 9, சால்ஸ்பர்க், ஆஸ்திரியா

மழை. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறதாம். வெள்ளையாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 10

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் எடுத்த இடங்களைக் காட்டுகிற டூர் நாளைக்குத்தான். ஆனால் இவருக்குப் பொறுக்கவில்லை. மிராபெல் தோட்டம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அதை நாமே பார்த்துவிடலாம் என்று கிளப்பிவிட்டார். சிறகு வைத்த குதிரை நிற்கிற நீரூற்று, அதைத் தாண்டிப் படிகள். படத்தில் பிள்ளைகள் ஏழு பேரும் ஸ்வரம் பாடி முடிக்கிற அதே படிகள். ஏறி இறங்கிப் பாடிக்கொண்டிருந்த கூட்டம் நகர்கிற வரைக்கும் காத்திருந்தோம். முறை வந்ததும் இவர் ஏறி நின்றார், கையை விரித்தார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. போட்டோவில் பாடுகிற மாதிரிதான் விழுந்திருக்கிறது.

வெந்நீர் குடிக்கச் சொன்னேன். ஊர் குளிர் என்றார். ஏப்ரல் வெயிலிலும் இந்தக் குரல்தானே?

இங்கே நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே லேப் ஒன்பது மணிக்குத் திறந்தால் இங்கே ஐந்தரை. அலாரம் இல்லாமலே ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூன் 11, இரவு

பஸ் கிளம்பினதும் பாட்டைப் போட்டுவிட்டார்கள். சுமார் நாலு மணி நேரம், நடுநடுவே கைடு. கெட்டிக்காரப் பெண். ஆனால் அவள் சொன்னதில் முக்கால்வாசி, 'இது இங்கே எடுத்தது இல்லை' என்பதுதான்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1965இல் வந்த படம். இவர் எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பா, கேப்டன் வீட்டை மட்டும் காட்டினால் போதும், மற்றதெல்லாம் எனக்கு போனஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீடு இரண்டாக இருக்கிறது! பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மரியா பெட்டியோடு வந்து நிற்கிற மஞ்சள் முகப்பு ஃப்ரோன்பர்க் மாளிகை. இப்போது இசைப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்குகிறார்கள். பிள்ளைகள் படகோடு தண்ணீரில் விழுகிற பின்பக்கம், லியோபோல்ட்ஸ்க்ரோன் ஏரிக்கரையில் வேறொரு இடம். உள்ளே கூடம், மாடிப்படி எல்லாம் ஹாலிவுட்டில் செட். வாசலில் நுழைந்து, கடல் தாண்டி ஒரு கூடத்தில் நடந்து, கொல்லை வழியாக வேறு வீட்டில் வெளியே வருகிறார்கள். படம் பார்க்கும்போது ஒரு தடவைகூட இடிக்கவில்லையே. இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஏரியைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஹெல்ப்ருன்னில் அந்தக் கண்ணாடி மண்டபம். பூட்டியிருக்கிறது. பெஞ்சுக்குப் பெஞ்சு தாவப்போய் யாரோ விழுந்தார்களாம், அதிலிருந்து பூட்டு. உள்ளே நடக்கிற ஆட்டமும் இதற்குள் எடுத்ததில்லை, ஸ்டுடியோவில் பெரிதாக இன்னொன்று கட்டியிருக்கிறார்கள். இவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். மூச்சு படிந்த வட்டத்தைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாட்டுக் குரல் கொடுத்தது பில் லீ என்று கைடு சொன்னபோது பஸ்ஸில் பாதிப் பேர் 'ஆ' என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவாஜிக்கு டி.எம்.எஸ். பாடி வளர்ந்த ஆட்களிடம் இதையெல்லாம் சொல்லி அதிர்ச்சி வைத்தியமா? இவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் வந்த பாட்டுக்கெல்லாம் உதடுகூட அசையவில்லை.

கடைசியில் மோண்ட்ஸே. இரட்டைக் கோபுரம் வைத்த மஞ்சள் சர்ச். படத்துக் கல்யாணம் இங்கேதான், இது நிஜம். உண்மையான மரியாவுக்குக் கல்யாணம் நடந்தது 1927இல், நோன்பெர்க் மடத்தில். சர்ச்சுக்குள் மெழுகுவத்தி வாங்கி ஏற்றினேன். இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 12, விடிகாலை

ஐந்தரை. இல்லை.

ஜூன் 12

மதியம் ஒரு சண்டை. நிஜத்தில் அந்தக் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலையேறித் தப்பிக்கவே இல்லை, 1938இல் சாதாரணமாக ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள், படத்தில் காட்டுகிற மலையைத் தாண்டினால் ஜெர்மனிக்குள்ளேயே போய் விழ வேண்டியதுதான் என்று கைடு சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். 'எல்லாம் தெரியும், மலைதான் சரி' என்றார். தெரிந்தும் எப்படிச் சரி? குரல் உடைய உடையப் பேசினார். பேசாதீங்க என்று நான் கத்தினேன்.

லேப்காரர்கள் 'இரண்டு நாளில்' என்றுதான் சொன்னார்கள். ஸ்லைடை இன்னொரு டாக்டருக்கு அனுப்பியிருப்பதாகத் தம்பி சொல்கிறான். எதற்கு இன்னொருவர்? அவனுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் செயின்ட் பீட்டர் கல்லறைத் தோட்டம். ஒளிந்துகொள்கிற காட்சி இதைப் பார்த்துத்தான் செட் போட்டார்களாம், எடுத்தது இங்கே இல்லை. ஒவ்வொரு கல்லறையிலும் பூச்செடி, இரும்பில் பூவேலை. எனக்கு இந்த ஊரில் பிடித்த இடம் இதுதான். இதை இவரிடம் சொல்வேனா.

ஜூன் 13

வெயில்! மலை அப்படியே ஜன்னலில் வந்து நிற்கிறது.

ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிட்டது. இரண்டு பக்கம். தம்பி கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. திறக்காதே என்கிறார் இவர். படம் ஆரம்பிக்கிற அந்தப் புல்வெளியைப் பார்த்துவிட்டு வந்து திறக்கலாமாம். எங்கள் டூரில் அது இல்லை. அது ஆஸ்திரியாவே இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில், மார்க்ட்ஷெல்லன்பெர்க் அருகே. மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் சுற்றிச் சுற்றி வரும்போது ஹெலிகாப்டர் காற்று ஒவ்வொரு டேக்கிலும் அவரைப் புல்லில் தள்ளிவிட்டதாம், தள்ளிவிட்டதாம் என்று இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், எழுதிக் காட்டுகிறார், மறுபடி சொல்கிறார். போனை என் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். சரி.

டாக்ஸி பத்து மணிக்கு. எல்லை தாண்டுகிறோமே, பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்கலாமென்றால் ரிசப்ஷனில் ஆளைக் காணோம். எதற்கும் இரண்டு பாஸ்போர்ட்டும், இன்ஷூரன்ஸ் தாளும், இவருடைய மப்ளரும்