முட்டி போட்டுக் கத்துக்கற மீட்டிங்

அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல காட்டு புளூபெரி நிலம் வெச்சிருக்கற நண்பருக்கு நான் கூடமாட ஒத்தாசை. அதனால யுனிவர்சிட்டி எக்ஸ்டென்ஷன்காரங்க (யுனிவர்சிட்டில கண்டுபிடிக்கறத விவசாயிங்ககிட்ட கொண்டு போய் சேக்கறவங்க) விவசாயிகளுக்கு நடத்துற மீட்டிங்குக்கும் அவரோட தொத்திக்கிட்டு போயிடுவேன். இத சொன்னாலே தெரிஞ்சவங்க கேக்கறது, "காட்டுல தானா வளர்றதுக்கு எதுக்குப்பா கிளாஸ்?"

நியாயமான கேள்விதான். இந்த செடிய யாரும் நடறதில்ல, பனிப்பாறை உருகி விட்டுட்டுப் போன மணலும் சரளையுமான நிலத்துல மண்ணுக்கடியில தண்டு ஓடி தானா பரவினது. ஆனா அதனாலயே பாடம் ஜாஸ்தி. நட்ட பயிர்னா ரகம் இன்னது, பூக்கறது இப்போன்னு ஒரு கணக்கு இருக்கும், இங்க ஒவ்வொரு திட்டும் தனித்தனி செடி, ஒண்ணு பூத்து முடிஞ்சிருக்கும், ரெண்டடி தள்ளி இன்னொண்ணு இப்பத்தான் மொட்டு விட்டிருக்கும், அதுலயும் பெரும்பாலான திட்டுக்கு தன்னோட மகரந்தமே செட் ஆகாது, வேற திட்டுலேர்ந்து தேனீ கொண்டுவரணும். அதான் வாடகைக்கு தேனீப் பெட்டி வைக்கறாங்க.

குளிர்காலத்துல ஹால்ல நடக்கற மீட்டிங் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஸ்லைடு, காபி, பூச்சிமருந்து லைசென்ஸ புதுப்பிக்க வேண்டிய பாயின்ட். பாதி பேரு அந்த பாயின்ட்டுக்காகத்தான் வராங்கன்னு நினைக்கறேன், தப்பில்ல.

விஷயம் இருக்கறது வசந்தகாலத்துல நிலத்துலயே நடத்துறாங்களே அதுல. சொல்லித்தர்றவங்க முட்டி போட்டு உக்காந்து சருக விலக்கிக் காட்டுவாங்க, நாமளும் முட்டி போட்டாத்தான் தெரியும். போன விளைச்சல்ல பூஞ்சை புடிச்சு கீழ விழுந்த காய், சுருங்கி கருப்பா கெட்டியா கிடக்கும், மம்மி பெர்ரின்னு பேரு. அதுலேர்ந்து பழுப்பு நிறத்துல ஒரு குட்டி கிண்ணம் மாதிரி காளான் முளைச்சிருக்கும், அதுலேர்ந்து கிளம்பற வித்து அப்பத்தான் விரியற மொட்டு மேல விழுந்து, மழையில மொட்டு பல மணிநேரம் ஈரமாவே நின்னா முடிஞ்சுது, இலையும் பூவும் கருகிடும். மருந்து அடிக்கறதுக்கு கிடைக்கற நேரம் ரொம்பக் கம்மி. அதனால சில பேரு இந்த மம்மிய பொறுக்கி நிலத்து ஓரத்துல ஒரு சின்ன சதுரத்துல போட்டு வெச்சு, கிண்ணம் வந்துச்சா வந்துச்சான்னு தினம் போய் பாப்பாங்க. ஸ்லைடுல பலதடவ பாத்த கிண்ணம்தான், ஆனா நிஜத்துல அவ்ளோ பொடிசா இருக்கும்னு நான் எதிர்பாக்கல.

ஆகஸ்ட்டு நெருங்கினா பேச்சு புள்ளி ரெக்க பழ ஈ பக்கம் போயிடும். மெய்ன்ல இது முதல்ல தென்பட்டது 2011ல. சாதாரண பழ ஈ அழுகினத தேடும், இது நல்லா பழுத்த பழத்தையே அறுத்து உள்ள முட்டை வெச்சிடும், பழத்த வெளியேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. சோதனை ரொம்ப சிம்பிள், பழத்த லேசா நசுக்கி உப்புத் தண்ணியில போட்டு கொஞ்ச நேரம் விட்டா வெள்ளை வெள்ளையா புழு வெளிய வரும். முதல் தடவ பாத்தவங்க முகத்த பாக்கணுமே! ஒரு வாரத்துக்கு புளூபெரி தொட மாட்டாங்க.

நடுவுல பணப்பேச்சு வராம இருக்காது. இங்க விளையறதுல கிட்டத்தட்ட எல்லாமே ஃப்ரோஸனா போறதுதான், 2016, 2017 சமயத்துல பழத்துக்கு பவுண்டுக்கு 30 சென்ட்டுக்கும் கீழ கொடுத்தத பெருசுங்க இன்னமும் மறக்கல. அதுலயும் ஒரே நிலம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவதான் காய்க்கும், தரையோட தரையா வெட்டி விட்டா அடுத்த வருஷம் வெறும் தழை, அதுக்கடுத்த வருஷம்தான் பழம். அதனால மருந்து, உரம்னு எத சொன்னாலும் பின்னாடிலேர்ந்து ஒரு குரல் வரும், "ஏக்கருக்கு எவ்ளோ ஆகும்?" என்னக் கேட்டா மீட்டிங்ல கேக்கற கேள்வியிலேயே உருப்படியான கேள்வி அதான்.

இன்னொரு ஓயாத சண்டை, காய்ச்சு முடிஞ்ச செடிய தரையோட வெட்டறதா எரிக்கறதான்னு. மெஷின்ல வெட்டினா செலவு கம்மி. எரிச்சா எண்ணெய்க்கே காசு கரையும், ஆனா சருகுல கிடக்கற மம்மி, பூச்சி, களை விதைல கொஞ்சமாவது சேர்ந்து பொசுங்கும். எக்ஸ்டென்ஷன்காரங்க ரெண்டு பக்கமும் பேசுவாங்க. கல்லும் மேடுமா மெஷின் ஏறாத நிலம் வெச்சிருக்கறவங்க வாயே திறக்க மாட்டாங்க, அவங்களுக்கு எரிக்கறத விட்டா வேற வழி ஏது.